லாட் கணக்கைத் தாங்கும் மென்பொருள்: திருப்பூர் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

இந்த நிதியாண்டிலாவது கணக்கைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் எங்கிருந்தும் திறக்கும்படி, கொண்டு போய்விடுவது என்று தம்பியும் நானும் இன்று பேசி முடித்தோம். எங்களுடையது குழந்தைகள் டி-ஷர்ட் தைக்கும் சிறிய யூனிட். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் உள்ளேயே நடக்கிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங் எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க். அதனால் எங்கள் சரக்கில் பெரும்பகுதி எப்போதும் இன்னொருவர் இடத்தில்தான் கிடக்கும். எது எங்கே, எத்தனை கிலோ, என்றைக்குத் திரும்பும் என்பதற்கு இருப்பது டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) நோட்டும் அக்கவுண்ட்ஸ் அக்காவின் ஞாபகமும்தான். அக்கா இரண்டு நாள் லீவு போட்டால் எல்லாருக்கும் கை ஒடிந்து போகிறது.

தம்பி மென்பொருள் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்திருந்தான். முதலில் நம் வேலையை எழுதுவோம், பெயர்களை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 4, புதன்

அக்காவையும் கட்டிங் மாஸ்டரையும் உட்காரவைத்து ஒரு லாட் (ஒன்றாகக் கணக்கு வைக்கும் ஒரு தொகுதிச் சரக்கு) போகும் வழியை எழுதினோம். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாக வரும்போது எடை கொஞ்சம் குறையும். சாயப்பட்டறையில் இன்னும் குறையும். அங்கேயே ஒரு லாட் மூன்று நான்கு கலராகப் பிரிந்துவிடும். எல்லாக் கலரும் ஒரே நாளில் வராது. கட்டிங் டேபிள் வரை எல்லாம் கிலோ, அதைத் தாண்டினால் எல்லாம் பீஸ்.

மாஸ்டர் சொன்னார்: “கிலோ எங்க பீஸ் ஆகுதோ அங்கதானுங்க அம்மணி லாபமும் நட்டமும் தெரியும். அதைக் காட்டாத சாஃப்ட்வேர் நமக்கு எதுக்குங்க?”

எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. கணக்கு முடிந்த பழைய லாட் ஒன்றை எடுத்து, டிரையல் பார்க்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் நூலிலிருந்து பெட்டி வரை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஜூன் 7, சனி

சம்பள நாள். மாலையில்தான் நேரம் கிடைத்தது. ஒரு கம்பெனியிலிருந்து வந்து டெமோ காட்டினார்கள். படங்களும் வரைபடங்களும் பார்க்க அழகாக இருந்தன. சாயத்துக்குப் போன துணியில் பாதி மட்டும் வந்தால் மீதியை எப்படிக் காட்டும் என்று கேட்டேன். தனியாகக் கஸ்டமைஸ் செய்து தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பாதி வரவு எங்களுக்கு வாராவாரம் நடக்கிற விஷயம். அப்புறம், நாளைக்கு நாங்கள் விலகினால் எல்லாக் கணக்கையும் எக்ஸெலில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. அத்தோடு அவர்களை விட்டுவிட்டோம்.

ஜூன் 11, புதன்

ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) கடைசி நாள் என்பதால் ஆடிட்டரிடம் பேசியபோது இதையும் கேட்டேன். நிறைய விஷயம் தெளிந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால்தான் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். 2023 ஆகஸ்ட் முதல் அதுதான் வரம்பு. நாங்கள் அதற்குக் கீழே இருக்கிறோம், ஆனாலும் வாங்கும் மென்பொருளில் அந்த வசதி இருக்கட்டும், வளர்ந்த பிறகு மாற்றுவது கஷ்டம் என்றார். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். ஜாப் ஒர்க் சரக்குக்கான ஐடிசி-04 படிவத்தில் காட்டுவதும் இந்த டிசிகளைத்தான்.

கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. “சந்தா கட்டுறதை நிறுத்தினாலும் கணக்கு உங்க கையில இருக்கணும், அம்மணி” என்றார் ஆடிட்டர். சனிக்கிழமை நான் கேட்ட கேள்விக்கு சட்டத்திலேயே காரணம் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

டிரையலுக்கு எடுத்த மூன்று மென்பொருளிலும் அந்தப் பழைய லாட்டை ஓட்டி முடித்தோம்.

டாலி பிரைம் அக்காவின் விரலுக்கே பழக்கம். மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் என்று ஜாப் ஒர்க்குக்கே வவுச்சர்கள் இருக்கின்றன. ஆனால் கணக்கு இருப்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில். எல்லாரும் எங்கிருந்தும் பார்க்க வேண்டுமானால் அதை ஒரு கிளவுட் சர்வரில் வாடகைக்கு ஏற்ற வேண்டும்.

சோஹோ புக்ஸ் பிரவுசரிலும் போனிலும் திறக்கிறது. டிசி போடும்போதே ‘ஜாப் ஒர்க்’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பில், வரவு, ஜிஎஸ்டி எல்லாம் ஒரே இடத்தில். தென்காசியிலும் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு. அதற்காக மட்டும் வாங்கிவிட முடியாது. இது கணக்குக்கான கருவி, நூல் துணியாகி பீஸ் ஆகும் கதையை இதனிடம் கேட்பது நியாயமில்லை.

அந்தக் கதையை முழுதாகச் சொன்னது இஆர்பிநெக்ஸ்ட். மும்பையின் ஃபிராப்பே உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். வெளியே கொடுக்கும் வேலைக்குத் தனி ஆர்டர், சேதாரத்துக்கு சதவீதம், கிலோவுக்கும் பீஸுக்கும் மாற்றம், எல்லாம் இருக்கிறது. மாஸ்டர் பார்த்துவிட்டு “இதுதானுங்க” என்றார். ஆனால் நூல், கிரே துணி (சாயம் போடாதது), சாயத் துணி என்று ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ஐட்டம். அதைக் கலராலும் டயாவாலும் (துணியின் அகல அளவு) பெருக்கினால் பட்டியல் நூற்றுக்கணக்கில் போகிறது. அதை உருவாக்கித் தினமும் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். எங்களிடம் இல்லை. ஆள் இல்லாமல் இறங்கினால் இரண்டு மாதத்தில் எல்லாரும் நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜூன் 19, வியாழன்

விலைக் கணக்கு. இஆர்பி (கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) கிளவுட் சேவைகளில் பல, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்குகின்றன. அதனால் ஒரே பாஸ்வேர்டை எல்லாரும் பயன்படுத்தலாமே என்று தம்பி சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் எதை மாற்றினார்கள் என்பதே தெரியாமல் போனால் பிறகு கணக்கு எதற்கு? சந்தாவுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும், அதாவது கட்டிய வரியை நம் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனி பில் போட்டால் ரிவர்ஸ் சார்ஜில் நாமே வரியைக் கட்டிப் பிறகு வரவு எடுக்க வேண்டும். கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும், இது ரிசர்வ் வங்கி விதி. ஆண்டுச் சந்தா எடுப்பவர்கள் புதுப்பிக்கும் நாளை நினைவில் வைக்க வேண்டும்.

ஜூன் 21, சனி

முடிவு செய்துவிட்டோம். பில், வரவு செலவு, ஜிஎஸ்டிக்கு சோஹோ புக்ஸ். லாட் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ். சரக்கு போனாலும் வந்தாலும் செக்கிங் அக்கா போனில் ஒரு கூகுள் ஃபார்மை நிரப்புவார்: லாட் எண், டிசி எண், கலர், கிலோ, யாரிடம். தமிழிலேயே வைத்திருக்கிறோம். ஷீட்டில் பழைய பதிவுகளை வேறு யாரும் தொடாதபடி பூட்டி வைத்தாயிற்று. கட்டிங் முடிந்ததும் மாஸ்டர் பீஸ் எண்ணிக்கையைப் போட்டால், கிலோவுக்கு எத்தனை பீஸ் என்று பக்கத்திலேயே வந்துவிடும்.

மூன்று பிரதி டிசி நோட்டு அப்படியே தொடரும். வண்டியோடு போவது அந்தக் காகிதம்தான்.

ஜூலை 1, செவ்வாய்

சாயப்பட்டறைக்காரர் நேற்று பாக்கித் துணிக் கணக்குக் கேட்டு வந்தார். ஷீட்டைத் திறந்து அவர் பெயரில் வடிகட்டிக் காட்டினேன். அவர் நோட்டில் இருந்த எடையோடு ஒத்துப்போனது, ஒரு கலர் தவிர. அது பிரிண்டிங்குக்கு நேராகப் போயிருந்தது. பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து அவருடைய பதிவுகளை மட்டும் தனி ஷீட்டாகத் தரச் சொல்லிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மாதம் ஒன்றாம் தேதி இரண்டு இடத்திலிருந்தும் எல்லாவற்றையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது தம்பியின் பொறுப்பு. இன்று செய்தான். ஓடிபி வரும் எண்ணை ஆபீஸ் போனுக்கு மாற்றியாயிற்று.

பீஸ் ரேட் சம்பளக் கணக்கை மட்டும் இப்போதைக்குத் தொடவில்லை. அதில் கை வைத்தால் டெய்லர்களின் சனிக்கிழமைச் சம்பளம் தாமதமாகலாம், அதற்கு நான் தயாரில்லை. அக்டோபரில் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்ததும் அதை எடுக்கிறோம்.