ஸாரியாவின் மண்சுவர்களுக்குள்ளே

1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. பெற்றோலியப் பணம் கையில் இருந்தது, வகுப்புகள் பெருகின, படிப்பிக்கத்தான் ஆள் போதவில்லை. யாழ்ப்பாணத்து வடமராட்சியின் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் பலர் மேற்கு ஆபிரிக்காவுக்குப் புறப்பட்ட காலம் அது. நம் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் கதிரைகள் வெறுமையாகின. அவற்றுள் ஒன்று என் அப்பாவுடையது. நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அப்பாவுக்கு முதலில் போக மனம் இல்லை. நியமனக் கடிதம் வந்து மேசையில் கிடந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அந்தக் கிழமையே அப்பா கடிதத்துக்குப் பதில் எழுதினார்.

யாழ்தேவி ரயிலில் கொழும்பு, அங்கிருந்து பம்பாய், அடிஸ் அபாபா, லாகோஸ். அடிஸ் அபாபா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் என்பது விமானப்படியில் கால் வைத்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மா சேலைத் தலைப்பால் தங்கையை மூடிக்கொண்டு நடந்தார். லாகோஸிலிருந்து வடக்கே கடூனா நகருக்கு இன்னொரு விமானம். கடைசியாக, அந்த நகரிலேயே பொருத்தப்பட்ட பேஜோ 504 கார் ஒன்றில் மூட்டைமுடிச்சுகளுடன் வடநைஜீரியாவின் பழைய நகரான ஸாரியா. வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகிற தெருவை நாங்கள் அதுவரை கண்டதில்லை. எதிரே லொறி வரும்போதெல்லாம் அம்மா முருகனை அழைத்தார்.

முதல் அதிர்ச்சி அப்பாவின் வகுப்பறையில். கொப்பி கொண்டுவந்த மாணவன் அவர் முன்னால் குந்தி, கண்ணைத் தாழ்த்தி வணக்கம் சொன்னான். "எழும்பு தம்பி" என்று அப்பா தோளைப் பிடித்துத் தூக்கப் போக, பையன் கலங்கிவிட்டான். அந்தப் பகுதியில் வாழும் ஹௌசா மக்களிடையே பெரியவர் முன் நிமிர்ந்து நிற்பதுதான் மரியாதைக் குறைவு. சந்தையிலும் அப்படியே. இரவு எப்படி, வீட்டார் சுகமா, களைப்பு ஆறியதா என்று கேட்டு, அதே கேள்விகளுக்கு மறுமொழியும் சொல்லிய பிறகுதான் தக்காளிக்கு விலை கேட்கலாம். ஒருமுறை பழகிவிட்டால் அதைவிட நல்ல பழக்கம் இல்லை. லண்டன் கடைகளில் இன்றும் எனக்கு அது இல்லாத குறை தெரிகிறது.

ஆனால் என் மனதில் ஆழப் பதிந்தது வேறொன்று. அப்பாவின் சக ஆசிரியர் ஒருவர் பழைய நகரிலிருந்த தம் வீட்டுக்கு எங்களை அழைத்திருந்தார். உயரமான மண்சுவர், வாசலில் நம் ஊர்த் தலைவாசல் போல ஓர் அறை. அப்பா அதோடு நின்றுவிட வேண்டும். அம்மாவும் தங்கையும், சிறுவனென்பதால் நானும், உள்முற்றத்துக்குப் போனோம். மணமான பெண்கள் பகலில் வெளியே வராத வீடு அது. வடநைஜீரியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1976இல்தான். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்த ஆசிரியையான அம்மா, "பாவம், அடைபட்டுக் கிடக்குதுகள்" என்று என் காதில் சொன்னார்.

முற்றத்தில் வீட்டுக்காரி நிலக்கடலை அரைத்துக்கொண்டிருந்தார். அரைத்த விழுதைக் கையால் பிசைந்து பிசைந்து எண்ணெயைப் பிரித்தார். மிஞ்சியதை வளையங்களாக உருட்டி அதே எண்ணெயில் பொரித்தார். குலிகுலி என்பது அதன் பெயர். எட்டு வயது மகள் அதைத் தட்டில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். நாங்கள் புறப்படுமுன் திரும்பி வந்து, சில்லறையைத் தாயின் கையில் எண்ணிக் கொடுத்தாள். அந்தப் பணம் யாருக்கு என்று அம்மா கேட்டார். பள்ளியில் படித்த மூத்த மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள்: வீட்டுச் சாப்பாடு தகப்பன் பொறுப்பு, குலிகுலிக் காசு தாயுடையது, அதில் அவர் கை வைக்க முடியாது.

திரும்பும் வழியில் அம்மா பேசவில்லை. ஊரில் அவருடைய சம்பளம் மாதாமாதம் அப்பாவின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஸாரியாவில் அம்மாவுக்கும் ஆசிரியை வேலை கிடைத்தபோது, தன் பெயரில் தனியாக வங்கிக் கணக்குத் திறந்தார். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

தட்டைச் சுமந்த அந்தச் சிறுமியை நான் மறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. தாய் வெளியே வராத வீட்டில் வியாபாரத்துக்குப் பிள்ளைதான் நடக்க வேண்டும். எங்களைக் கடல் தாண்டி வரவழைத்த அந்தக் கல்வித் திட்டம் அவளுடைய வாசலைத் தாண்டவில்லை. மற்றவர் வழக்கத்தை மதிக்க நான் கற்றது அந்த முற்றத்தில்தான். ஆனாலும் அவள் படித்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் இரண்டு கருத்து இல்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்மீது நடந்த வன்முறைச் செய்தி வானொலியில் வந்தது. ஊருக்குத் திரும்பும் பேச்சு அதோடு நின்றது. அந்த ஆண்டின் கடைசி நாளில் நைஜீரியாவிலும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எண்ணெய் விலை சரிந்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்புவது பெரும்பாடாக, நம்மவர்கள் ஒவ்வொருவராக வேறு நாடுகளுக்குக் கிளம்பினார்கள். நாங்கள் இங்கிலாந்துக்கு வந்தோம்.

நைஜீரியாவிலும் சாம்பியாவிலும் படிப்பித்த நம் ஆசிரியர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய நியமனக் கடிதங்களும் வகுப்புப் படங்களும் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டு அலுமாரியில் இருக்கும். தேடி எடுத்து, அவர்கள் எந்த ஊரில் என்ன பாடம் படிப்பித்தார்கள் என்பதையும் சேர்த்து, அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள்.