ஹோடவுனுக்குள் ஒளிந்திருக்கும் கெண்டக்கிக்காரர்

அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்டின் 'ரோடியோ' பாலேயில் (1942) வரும் 'ஹோடவுன்' எல்லோருக்கும் தெரியும். அதன் முதன்மை மெட்டு அவருடையதல்ல. 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்' என்ற பழைய ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) மெட்டு அது. 1937இல் கெண்டக்கியில் நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸும் எலிசபெத் லோமாக்ஸும், ஃபிடில் கலைஞர் வில்லியம் ஸ்டெப் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். ரூத் க்ராஃபோர்ட் சீகர் அதைக் கேட்டு எழுதிய ஸ்வரக்குறிப்பு 1941இல் அச்சானது. கோப்லாண்ட் எடுத்தது அந்தத் தாளிலிருந்துதான், கிட்டத்தட்ட அப்படியே.

பலர் இதை நிதானமான நடையில் வாசிப்பார்கள். விரட்டி வாசித்தவர் ஸ்டெப். அந்த வேகம்தான் ஹோடவுன். பெயர் என்னவோ கோப்லாண்டுக்கு!

வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: வயலின் தந்திகளின் சுருதி, வழக்கமான ஜி-டி-ஏ-ஈ-க்குப் பதில், கீழிருந்து மேலாக டி-டி-ஏ-டி. நம் கணக்கில் மந்தர ச, மத்திய ச, ப, தார ச. ஜி தந்தியை ஐந்து அரைஸ்வரம் இறக்கி டி ஆக்க வேண்டும், ஈ தந்தியை இரண்டு அரைஸ்வரம். நடு இரண்டும் அப்படியே.

சிக்கல் அந்த அடித்தந்தியில். தொய்ந்துபோய் 'கொரகொர'க்கும், வில்லை அழுத்தினால் சுருதி ஏறிவிடும். எடையைக் குறைத்து, வில்லை அகலமாக இழுங்கள். இறக்கியதும் மற்ற தந்திகளின் சுருதி நகரும், இரண்டு சுற்று சரிபாருங்கள். குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப ஏற்றும்போது ஈ தந்தியை மெதுவாக. அறுவது பெரும்பாலும் அப்போதுதான்.