மிதந்த தொட்டியும் செவ்வாய் வீடும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் வடிவமைத்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று மிதந்துவிட்டது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறியது, தொட்டியோ காலி. விடிந்து பார்த்தால் ஒரு பக்கம் முக்கால் அடி எழும்பி நிற்கிறது. கீழே அமுக்கும் சுமைகளையெல்லாம் கூட்டியிருந்தேன். மேலே தூக்கும் விசையை மட்டும் விட்டுவிட்டேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

செவ்வாயில் குடியிருப்பு என்று யார் படம் காட்டினாலும் எனக்கு அந்தத் தொட்டிதான் கண்முன் வருகிறது. அங்கே கட்டும் வீடு இடிந்து விழப் பார்க்காது, எழும்பிப் போகப் பார்க்கும்.

செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே நம் ஊர்க் காற்றை அடைத்தால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது சுமார் 10 டன் விசையோடு தள்ளும். 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் 200 டன். எதிர்த்து நிற்க என்ன இருக்கிறது? 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் இங்கே சதுர மீட்டருக்கு 375 கிலோ கனக்கும். அங்கே ஈர்ப்பு 38 சதவீதம்தான், ஆகவே ஏறக்குறைய 140 கிலோ. இழுத்தால் கான்கிரீட் விரிசல் விடும் என்பது வேறு.

மேலே மண்ணைக் கொட்டிவிடலாம், கதிர்வீச்சுக்கும் அது குடை என்பார்கள். கணக்குப் போட்டேன். கன மீட்டருக்கு ஒன்றரை டன் மண் என்றால், அங்கத்திய ஈர்ப்பில் 18 மீட்டர் உயரம் வேண்டும். ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் செய்ததுபோல ஆக்சிஜனைக் கூட்டி, அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காக இறக்கினால் 6 மீட்டர் போதும்; தீப்பிடிக்கும் பயம் கூடும். இன்னொன்று: காற்று கசிந்துபோகும் நாளில் அந்த மண் முழுவதும் கூரையின் தலையில். ஒரே கூரை, இரண்டு நேரெதிர்ச் சுமைகள். தேர்வுத்தாளில் இப்படிக் கேட்டிருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன்.

நாசா நடத்திய முப்பரிமாண அச்சு வீட்டுப் போட்டியில் 2019இல் முதலிடம் பெற்ற ‘மார்ஷா’ முட்டை வடிவம். எனக்குப் பிடித்த வடிவமைப்பு அது. தட்டைச் சுவர் அழுத்தத்தில் வீங்கும், வளைவு தாங்கும். பொருளும் கான்கிரீட் இல்லை. பசால்ட் பாறை இழை கலந்த, தாவரத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக். வெப்பநிலை ஏறி இறங்கும்போது வெளிக்கூடு விரிந்து சுருங்கட்டும் என்று உள்கூட்டைத் தனியாக விட்டிருந்தார்கள். தொழில் தெரிந்தவர் போட்ட கோடு.

செவ்வாய் வாழ்க்கைக்கு ஒத்திகையாக, ஹியூஸ்டனில் நாசாவின் 158 சதுர மீட்டர் அச்சு வீட்டில் நான்கு பேர் 378 நாள் அடைந்து கிடந்து 2024 ஜூலையில் வெளியே வந்தார்கள். பாராட்டலாம். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது மனிதர்கள். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் அதே காற்றுதான்.

இப்போது என் நோட்டில் கதவு இருக்கிறது. 1.8 சதுர மீட்டர், முழு அழுத்தத்தில் 18 டன். உள்பக்கம் திறப்பதாக வைத்தால் காற்றே அதைச் சட்டத்தோடு அழுத்தி அடைக்கும், ரப்பர் வளையத்துக்குச் சுகம். ஆனால் 1967 ஜனவரி 27 அன்று தீப்பிடித்த அப்பல்லோ 1 விண்கலத்தின் கதவும் உள்பக்கம் திறப்பதுதான். தீயில் உள்ளழுத்தம் ஏறி, உள்ளே இருந்த மூன்று பேரால் அதைத் திறக்க முடியவில்லை. அதன் பிறகு வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றினார்கள்.

உள்பக்கம் திறப்பதாக வரைந்து இரண்டு முறை அழித்துவிட்டேன். தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.