தெருவுக்குப் பெயர் வாங்கிய கதை: மனுவிலிருந்து பதிவேடு வரை

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மனை எண் இருக்கும், நீள அகலம் இருக்கும். சாலையின் நடுவே '9.0 மீ. அகலச் சாலை' என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. மனை பிரித்து விற்கும் புரோமோட்டர் நுழைவு வளைவில் எழுதிய நகர்ப் பெயரும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சொல்லும் 'தண்ணி டேங்க் தெரு'வும் வழக்குப் பெயர்கள்தான். சொந்தச் செலவில் பலகை நட்டாலும் அப்படியே. உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறினால்தான் தெருவுக்குப் பெயர் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது சாலை யார் பெயரில் இருக்கிறது என்பதை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போது சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, அதில் உள்ள புல எண்கள் உங்கள் தெருவோடு பொருந்துகின்றனவா என்று வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒப்படைக்காத சாலை தனியார் நிலம். அதற்குப் பெயர் வைக்க மனுக் கொடுத்தால் கோப்பு முதல் மேசையிலேயே நின்றுவிடும். ஒப்புதல் இல்லாமல் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவாகி, 2017 விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்ட மனைப்பிரிவுகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே மனைக்கு ஆணை கையில் இருக்கும், சாலை ஒப்படைப்பு பாதியில் நிற்கும்.

அடுத்தது பெயர். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது காந்தி, அண்ணா, பாரதியார், பிள்ளையார் கோயில். இதே பெயரில் அதே ஊரில் எத்தனை தெரு இருக்கிறது என்பதைச் சொத்து வரி வசூலிப்பவரிடம் உள்ள தெருப் பட்டியலில் பாருங்கள். ஒரே அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள் இரண்டு காந்தி தெரு இருந்தால் 108 வண்டி போய் நிற்பது இன்னொரு காந்தி தெருவில். ஊராட்சிகள் பெரிய நகரோடு இணையும்போது இந்தச் சிக்கல் பெருகும். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது, அதுவரை தனித்தனி ஊர்களில் இருந்த ஒரே பெயர்த் தெருக்கள் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. பக்கத்து ஊராட்சிப் பட்டியலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம். எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே தெருப் பெயர்களில் சாதியை நீக்கும் வேலை தொடங்கியது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி ரோடு பலகையில் ஜி.என். சாலை ஆனது அப்படித்தான். 2025 அக்டோபரில் அரசு இதற்கென மீண்டும் ஆணை வெளியிட்டது. தலைவர் பெயர் வைத்தாலும் சாதிப் பின்னொட்டு இல்லாமல் எழுதுங்கள். புரோமோட்டர் தன் வீட்டார் பெயரைக் கேட்பார். அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த தெருக்காரர் தன் அப்பா பெயரோடு வருவார், கூட்டம் மூன்று ஞாயிறு இழுக்கும். மரம், பூ, ஆறு என்று ஒரே இனத்துப் பெயர்களை எல்லாத் தெருக்களுக்கும் வரிசையாக வைத்துவிட்டால் சண்டை இல்லை. எந்தத் தெரு எந்த நகரில் என்பதும் பெயரைக் கேட்டதுமே தெரிந்துவிடும்.

எண் வைப்பதானால் பிரதான சாலையிலிருந்து உள்ளே வரும் முதல் தெருவையே 1 ஆக்குங்கள். மனைப்பிரிவு எந்தப் பக்கம் நீளக்கூடும் என்று பார்த்து, அந்தப் பக்கம் எண் ஏறும்படி விடுங்கள். மாற்றி வைத்தால் பிற்பாடு '1ஏ', 'விரிவு' என்று ஒட்டு வால் முளைக்கும்.

எழுத்துப் பிரச்சினை சின்னதல்ல. 'மகிழம்பூ தெரு' என்று தமிழில் எழுதுவது சுலபம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் ஒற்றை எழுத்தோடு விடுவார். ஆதாரில் ஒன்று, மின் கட்டண ரசீதில் ஒன்று, வங்கியில் ஒன்று. ஆகவே குடியிருப்போர் சங்கத் தீர்மானத்திலேயே இரு மொழியிலும் எழுத்துக்கூட்டி முடிவு செய்து, அதையே மன்றத் தீர்மானத்திலும் அச்சேற்றச் சொல்லுங்கள்.

மனுவில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'பெயர் மாற்றம்' என்று எழுதாதீர்கள். புதிய தெருவுக்குப் பெயர் வைப்பது மன்றத்தின் அதிகாரம். ஏற்கெனவே உள்ள பெயரை மாற்றுவதற்கோ அரசின் ஒப்புதலும் வேண்டும். பதிவேட்டில் பெயரே இல்லாத தெருவுக்கு, ஊர் வழக்குப் பெயரை நினைத்துக்கொண்டு 'மாற்ற வேண்டுகிறோம்' என்று எழுதி, கோப்பைத் தலைமைச் செயலகம் வரை அனுப்பவைத்தவர்கள் உண்டு. 'பெயர் சூட்டக் கோருதல்' என்பதே சரி. இணைப்பாக ஒப்புதல் பெற்ற வரைபடம், தானப் பத்திர நகல், சங்கத் தீர்மானம், வீட்டு உரிமையாளர் கையொப்பம் (மனை எண்ணோடு), தெருவின் தொடக்கமும் முடிவும் குறித்த கைவரைபடம் வையுங்கள். மாற்றுப் பெயர் இரண்டும் எழுதிக் கொடுங்கள். முதல் பெயர் வேறெங்கோ இருக்கிறதென்று திரும்பினால் மறுபடி கூட்டம் போட வேண்டாம்.

ஆணையருக்கு ஒரு பிரதி, வார்டு உறுப்பினருக்கு ஒரு பிரதி. கோப்பு நகர்வது உறுப்பினர் மன்றக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும்போதுதான். ஊராட்சி என்றால் கிராம சபையில் வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். நிறைவேறியதும் தீர்மான எண்ணும் நாளும் உள்ள சான்றிட்ட நகலைக் கையோடு வாங்குங்கள். இது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் வேலை நடக்காது.

பலகை தெருவின் இரு முனையிலும் வர வேண்டும். மின்கம்பத்திலும் காலி மனைச் சுவரிலும் மாட்டவிடாதீர்கள். கம்பம் மாறும், சுவர் இடிபடும். வார்டு எண்ணைத் தனித் தகடாக வைக்கச் சொல்லுங்கள். வார்டு மறுவரையறை வந்தால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

பிறகுதான் நீண்ட வேலை. சொத்து வரிப் பதிவேட்டில் தெருப் பெயர் ஏறியதா என்று அடுத்த ரசீதில் பாருங்கள். மின் இணைப்பு, குடும்ப அட்டை, ஆதார் போன்றவற்றில் முகவரியை மாற்ற இந்த ரசீது உதவும். அஞ்சல் நிலையத்துக்குத் தீர்மான நகலோடு ஒரு கடிதம், கூகுள் மேப்ஸில் ஒரு திருத்தம். பட்டாவுக்குப் பாதிப்பில்லை, அது புல எண்ணில் ஓடுகிறது. பத்திரப் பதிவில் மட்டும் ஒரு முடிச்சு: பதிவுத் துறை நிலத்துக்கு மதிப்பு குறிக்கும் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் புதுத் தெருப் பெயர் உடனே வராது. அதுவரை கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மனை எண், புல எண், மனைப்பிரிவு ஒப்புதல் எண் மூன்றையும் எழுதி, 'தற்போது மகிழம்பூ தெரு என வழங்கப்படும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.