அப்பாவின் சிடி

நேற்று சிங்கப்பூர் அங் மோ கியோ வீட்டில் அலமாரியை ஒழித்தபோது அப்பாவின் பழைய சிடி கிடைத்தது. 1999இல் அவர் தட்டச்சு செய்து வைத்த குடும்பக் குறிப்புகள். யார் எப்போது கப்பலேறி வந்தார், எந்த ஊர், யாருக்கு யார் என்ன முறை. ஆசையாகத் திறந்தேன். எதுவும் திறக்கவில்லை. அவர் பயன்படுத்திய மென்பொருளே இப்போது இல்லை. மனசு கனத்துப் போனது.

நல்லவேளை, ஓரமாக ஒரு டெக்ஸ்ட் கோப்பும் இருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துக் குறியீடு, அதனால் திரையில் ஏதேதோ ரோமன் எழுத்துகள். எழுத்துரு மாற்றியில் ஒட்டினேன். தாத்தாவின் ஊர்ப் பெயர் தமிழில் வந்து நின்றது.

ராத்திரியே எல்லாவற்றையும் யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) டெக்ஸ்டாக மாற்றிவிட்டேன். வரிக்கு ஒருவர்: பெயர், ஊர், ஆண்டு, முகவரி, நடுவில் டேப் இடைவெளி. முகவரிக்குள்ளேயே காற்புள்ளி வரும் என்பதால் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பு வேண்டாம் என்று விட்டேன். 'அம்மா' என்று எழுதினால் 15 பைட் இடம் பிடிக்கும். பிடிக்கட்டும்! மொத்தக் கோப்பும் ஒரு கைப்பேசிப் படத்தின் அளவுகூட இல்லை.

பல ஆயிரம் பேர், படங்கள் என்று வளர்ந்தால் எஸ்கியூலைட் மாதிரி ஒரு தரவுத்தளம் வேண்டியிருக்கும், சரி. அப்போதும் இந்த டெக்ஸ்ட் பிரதியை அழிக்க மாட்டேன்.

சொந்தக்காரர்களே, விடுபட்ட பெயர்களை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா தமிழில் தட்டினாலே போதும்.