பொலோனியாவில் ஓர் அறைக்காக

இத்தாலியில் இருக்கும் பொலோனியாவுக்கு முதுகலை படிக்க வந்து முதல் ஏழு வாரம் எனக்குத் தங்க ஓர் அறை இல்லை. எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் பெட்டியைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டி வைத்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஒரு இடத்தில் வாடகையெல்லாம் பேசி முடித்து, மறுநாள் முன்பணத்தோடு போய் நின்றால், வேறு யாரோ அறுபது யூரோ கூடுதலாகத் தருகிறேன் என்றாராம், அறை அவருக்குப் போய்விட்டது. அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சில நாள் கழித்துத்தான் 1189ஆம் ஆண்டு போப் மூன்றாம் கிளமென்ட் போட்ட ஓர் உத்தரவைப் பற்றிப் படித்தேன். ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு, அதிக வாடகை தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் பேசி இன்னொரு மாணவரோ ஆசிரியரோ அதைப் பிடுங்கக் கூடாது. இதே ஊருக்காகப் போட்ட உத்தரவு! என் கதை எட்டு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே நடந்திருக்கிறது.

அப்புறம் இந்த ஊரின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது பொலோனியா தனக்கென்று படையும் சட்டமும் வைத்திருந்த நகர அரசு. 1249இல் ஃபொஸ்ஸால்தா சண்டையில் பேரரசர் இரண்டாம் ஃப்ரெடரிக்கின் மகன் என்ஸோவையே பிடித்துக்கொண்டு வந்து, 1272இல் அவர் சாகும்வரை விடவில்லை. 1256-57இல் ஏறக்குறைய ஆறாயிரம் பண்ணையடிமைகளை, உடையவர்களுக்கு நகரமே காசு கொடுத்து விடுவித்தது. சுதந்திரமானவர்கள் வரி கட்டுவார்கள் என்ற கணக்கும் அதில் உண்டு, ஆனாலும் விடுதலையானவர்களின் பெயர்களை எழுதி வைத்த புத்தகத்துக்குச் சொர்க்கத்தின் பெயரால் 'லீபர் பாரதீசுஸ்' என்று பெயர் வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆனால் வெளியூரிலிருந்து படிக்க வந்தவனுக்கு இங்கே குடியுரிமை கிடையாது. அவன் நாட்டுக்காரன் வாங்கிய கடனுக்கு அவனைப் பிடிக்கலாம் என்ற நிலைகூட இருந்து, இரண்டாம் ஃப்ரெடரிக்கின் தாத்தாவான பேரரசர் பார்பரோஸா தலையிட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது. அதனால் மாணவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்து 'நாட்சியோ' என்ற சங்கங்கள் அமைத்தார்கள், தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், தாமதமாக வந்த பேராசிரியருக்கு அபராதம் போடும் அளவுக்கு வளர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம், மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவது. 1222இல் ஒரு கூட்டம் அப்படிப் பாதுவாவுக்குப் போனதில்தான் அங்கே பல்கலைக்கழகம் பிறந்தது. வாடகையும் ரொட்டியும் இவர்களை நம்பித்தான் ஓடின என்பதால், மாணவர் தரப்பும் நகரத் தரப்பும் சேர்ந்து வீட்டு வாடகையை மதிப்பிடும் ஏற்பாடும் வந்தது.

ஊர் முழுக்க நீளும் போர்த்திகோ என்ற தாழ்வாரங்களும் இந்த நெரிசலின் பிள்ளைகள்தான். இடம் போதாமல் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே தூண் கொடுத்தார்கள். 1288இல் புதுவீடு எதுவானாலும் தாழ்வாரம் வைத்தே தீர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, நடக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும். பழைய நகரத்துக்குள் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர். வீடில்லாத அந்த நவம்பர் மழையில் குடைகூட இல்லாமல் நான் நனையாமல் அலைந்தது இவற்றின் அடியில்தான்.

கடைசியில் அறை கிடைத்தது விளம்பரத்தால் அல்ல, நம் ஊர்ப் பிள்ளைகளால். மூத்த மாணவி ஒருத்தி படிப்பு முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் என்னைக் கூட்டிப்போய், இவள் எனக்குத் தெரிந்தவள் என்று சொன்னாள், ஒப்பந்தத்தையும் முறையாகப் பதிவு செய்ய வைத்தாள். இப்போது செப்டம்பர் வந்தால் நாங்கள் நாலு பேர் முறைபோட்டுக்கொண்டு, புதிதாக வருகிறவர்களோடு வீடு பார்க்கப் போகிறோம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் தர விடுவதில்லை. ஊருக்குக் கிளம்பும் யாராவது அறையைக் காலி செய்வதாக இருந்தால், முதலில் எங்களிடம்தான் சொல்கிறார்கள்.