தொட்டித் தண்ணீர்

அக்டோபர் 9
நீச்சல் தொட்டியில் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, மறுபடி 8.1. முந்தாநாள்தான் 7.6-க்கு இறக்கினேன். மோட்டாரை ஓடவிட்டு, ஆழமான பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலாக ஆசிட் ஊற்றினேன். யாரும் இறங்காத தண்ணீருக்கு இவ்வளவு சேவகமா என்று அக்கா போனில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அக்டோபர் 10
அப்பா காலில் தையல் பிரிக்கவில்லை. அடுத்த வாரமாம்.

அக்டோபர் 12
7.9. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.
ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார உப்புகள், பத்து லட்சத்தில் 120 பங்கு. உப்பிலிருந்தே குளோரின் எடுக்கும் இந்த மாதிரித் தொட்டிக்கு 60, 80 போதும். மாதவரத்து போர் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? குளோரின் மெஷினின் செல்லுக்குள், மின்சாரத் தகடுகளில், உப்பிலிருந்து குளோரின் பிரியும்போது ஹைட்ரஜனும் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அது வெளியே இழுக்கிறது. வாயு போகப் போக பி.எச். ஏறும். இது போதாதென்று சுவரோரம் அந்தச் செயற்கை அருவி, ராத்திரி பகலாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. அருவியை நிறுத்தினால் பாதி வேலை மிச்சம்.

அக்டோபர் 13
நிறுத்தினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து அப்பா: "இன்னாடா, சத்தத்தையே காணோம்?"
மறுபடி போட்டுவிட்டேன். காசிமேட்டில் அலைச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய மனுஷன்.

அக்டோபர் 15
அருவி ஓடட்டும். யோசித்தால் அதுவே நமக்குச் சாதகம். ஆசிட் பி.எச்.சையும் ஆல்கலினிட்டியையும் சேர்த்தே இறக்குகிறது. அருவி ஏற்றுவது பி.எச்.சை மட்டும்தான். 7.2-க்கு இறக்குவது, அருவி 7.8-க்கு ஏற்றியதும் மறுபடி இறக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் ஆல்கலினிட்டி கொஞ்சம் கழியும். அது குறைந்துவிட்டால் பி.எச். இவ்வளவு அவசரமாக ஏறாது. இன்று 100.
அப்பா கஞ்சி வேண்டாம் என்றார். பரிமாறிய பிறகு.

அக்டோபர் 16
மதியத்துக்குள் குளோரின் காணாமல் போகிறது. வெயில் தின்கிறது. சோதனைக் குழாயில் தண்ணீரை ஊற்றி, அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறைகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் 35தான். குறைந்தது 60 வேண்டும். ஒரு கிலோவைப் பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் வந்து விழும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கரைய நாளாகும்.
காலில் வீக்கம் அப்படியே. டாக்டர் போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில் இல்லை.

அக்டோபர் 17
பதில் இல்லை.

அக்டோபர் 19
ராத்திரி முழுக்க மழை. தொட்டி நிரம்பி வழிந்து, போட்ட உப்பும் கூடவே போய்விட்டது. மெஷினில் சிவப்பு விளக்கு. உப்பு பத்து லட்சத்தில் 2600 பங்கு காட்டுகிறது, 3200 இருக்க வேண்டும். ஒரு 25 கிலோ மூட்டை போட்டால் சரியாகிவிடும். கடைக்காரர் கல்லுப்பைத் தள்ளப் பார்த்தார். கல்லுப்பில் மண்ணும் இரும்பும் வந்தால் டைல்ஸில் கறை நிற்கும். அயோடின் சேர்க்காத சுத்த உப்புதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கி வந்தேன்.
கரைந்த பிறகு அப்பாவை நாற்காலியோடு ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"இதுல இன்னா உப்பு கீது?"
கடலில் 35,000, இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லைப்பா என்றேன். "அப்ப இது கொழம்புதான்" என்றார். ரொம்ப நாள் கழித்து ஒரு கிண்டல்.

அக்டோபர் 20
7.5. ஆல்கலினிட்டி 80, மழையும் உதவியிருக்கிறது. குளோரின் 4. செல்லைக் கழற்றிப் பார்த்தேன், தகடுகளில் வெள்ளைப் படிவு லேசாகத்தான். ஆசிட் கலந்த தண்ணீரில் நுரை அடங்கும்வரை வைத்து எடுத்தேன். இவ்வளவு நல்ல தண்ணீர் இந்தத் தொட்டியில் இருந்ததே இல்லை.
அப்பா இன்றும் இறங்கக்கூடாதாம்.

அக்டோபர் 21
காய்ச்சல். 101. அருவியை நிறுத்தச் சொன்னது அப்பாவேதான்.

அக்டோபர் 22
7.5, அசையவில்லை. ஆசிட் தீர்ந்துவிட்டது, மூலக்கடை போக வேண்டும். டாக்டர் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறாராம்.